துணி மூட்டையோடு தோட்டத்துக்குள் போனவர்
(பெரியோர் வாழ்வில் இருந்து: கோ. நடேசய்யர்)



நம்ம அரவேணு, கோத்தகிரி பக்கம் 'சிலோன்காரங்க' என்று சொல்லப்படும் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. எங்க குடும்பமும் அதில் ஒன்று. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தால் கப்பல் ஏறி வந்தவர்கள். எங்க பாட்டி தன் அப்பாவிடம் கேட்டதாக அடிக்கடி சொல்லும் பெயர் நடேசய்யர். நம்ம பாடப் புத்தகத்தில் நான் அவரைப் பார்த்ததில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நடேசய்யர் 1887-ல் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர். 'வர்த்தக மித்திரன்' என்ற பத்திரிகை நடத்தினார். வியாபாரிகள் சங்க விழா ஒன்றுக்காக முதல் தடவை கொழும்புக்குப் போனார். விழாவை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியிருக்கலாம். ஆனால் மலையில் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் நம்ம ஜனங்கள் படும் பாடு அவர் காதில் விழுந்தது. நேரில் பார்க்க ஆசைப்பட்டார்.

அந்தக் காலத்தில் துரையின் அனுமதி இல்லாமல் வெளியாள் யாரும் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாது. மீறினால் அத்துமீறல் என்று கேஸ் போடுவார்கள். துணி வியாபாரிகளை மட்டும் விடுவார்கள். நடேசய்யர் என்ன செய்தார் தெரியுமா? துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வியாபாரி மாதிரி லயத்துக்குள் போய்விட்டார்!

உள்ளே பார்த்ததை அவரால் மறக்க முடியவில்லை. ஒரே அறைக்குள் ஒரு குடும்பமே அடைந்து கிடந்தது. ஆள் பிடித்து வந்த கங்காணியிடம் எல்லாரும் கடன்பட்டிருந்தார்கள். அந்தக் கடனை எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். கடனைத் தீர்த்துத் துண்டு வாங்காமல் வேறு தோட்டத்துக்கு வேலைக்குப் போக முடியாது. கடன் எவ்வளவு என்று பார்க்கலாம் என்றால் பலருக்கு எழுத்தே தெரியாது. கங்காணி சொன்னதுதான் கணக்கு.

இது துரைக்குத் தெரியும். கங்காணிக்குத் தெரியும். தோட்டத்துக்குச் சாமான் விற்ற கடைக்காரர்களுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை யாருமே பேசவில்லை. நடேசய்யருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு சும்மா இருக்க அவருக்கு மனசு வரவில்லை.

இலங்கையிலேயே தங்கினார். 'தேச நேசன்', 'தேசபக்தன்' என்று பத்திரிகைகள் நடத்தித் தோட்டத்து அநியாயங்களை எழுதினார். 1921-ல் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. 1925-ல் சட்டசபை உறுப்பினர் ஆனார். 1927-ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன்படி மலைநாட்டில் ஆணுக்கு ஒரு நாளைக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று கூலி முடிவானது. சட்டம் வந்தால் போதாது, அது தொழிலாளிக்குத் தெரியணும் என்று துண்டுப் பிரசுரங்கள் அச்சடித்துக் கொடுத்தார்.

கொழும்பில் ஏ. ஈ. குணசிங்க என்ற பெரிய தொழிற்சங்கத் தலைவரோடு சேர்ந்து வேலை செய்தார். அந்தத் தலைவர் இந்தியத் தொழிலாளிகளுக்கு எதிராகப் பேச ஆரம்பித்ததும் அவரை விட்டு விலகினார். நண்பர் என்பதற்காக வாய் மூடி இருக்கவில்லை.

1931-ல் அட்டனில் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சங்கம் ஆரம்பித்தார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் இன்னொரு ஆச்சரியம். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பாட்டாவது போய்ச் சேரட்டும் என்று தொழிலாளர் கஷ்டங்களைப் பாட்டாக எழுதி, கூட்டங்களில் தானே பாடினார். அந்தக் காலத்தில் ஒரு பெண் அப்படி மேடை ஏறிப் பாடுவது லேசான காரியமா?

1936-ல் நடேசய்யர் அட்டன் தொகுதியில் ஜெயித்து அரசாங்க சபைக்குப் போனார். 1939-ல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வந்த பிறகு அவருடைய சங்கத்தின் செல்வாக்கு குறைந்தது. 1947-ல் காலமானார். அடுத்த வருஷமே வந்த குடியுரிமைச் சட்டம், அவர் யாருக்காகப் பாடுபட்டாரோ அந்த ஜனங்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கிவிட்டது. அப்படியானால் அவர் உழைப்பு வீண்தானா என்று பாட்டியிடம் கேட்டேன். வாங்குற கூலியை எண்ணிப் பார்க்கணும்னு எங்கப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவங்கதான் என்று பாட்டி சொன்னது.

நண்பர்களே, இனி என் கதை கொஞ்சம். போன லீவில் அம்மாவோடு கொழுந்து மூட்டை போடப் போனேன். இலையில் ஈரம் என்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்தார்கள். அன்றைக்கு நல்ல வெயில். பனிகூட இல்லை. எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கும் தெரிந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்தது. யாரும் பேசவில்லை, நானும்தான். வீட்டுக்கு வந்தும் அது மனசை உறுத்திக்கொண்டே இருந்தது.

நடேசய்யர் மாதிரி என்னால் பத்திரிகை நடத்த முடியாது. ஆனால் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. தேதி, எடை, கழித்த கிலோ, அன்றைக்கு மழையா வெயிலா என்று எழுத ஆரம்பித்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவும் அவங்க கணக்கைச் சொல்லி எழுதச் சொன்னாங்க. ஒரு மாசம் ஆனதும் நாலு வீட்டுக் கணக்கையும் சேர்த்து, அம்மாவும் அக்காவும் நேரிலேயே கேட்கப் போகிறார்கள். நோட்டோடு நானும் போவேன்.

நீங்களும் உங்க வீட்டில் ஒரு நோட்டு போடுங்க!

- பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி