ஜி.யு. போப்: நடுவெழுத்தின் வரலாறு

குன்னம் வட்டத்தில் ஒருவர் தம் பெயரை எழுதுமிடத்துத் தந்தையார் பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டு எழுதுவார். சிலர் ஊரின் முதலெழுத்தையும் அதற்கு முன்னே சேர்ப்பர். தாயின் குடிக்கு அந்த எழுத்துகளில் இடமிருப்பது அரிது. இப்பழக்கத்தில் ஊறிய தமிழர் ஜி.யு. போப் என்ற பெயரைக் கேட்கும்போது, முன்னிற்கும் இரண்டெழுத்துகளையும் தந்தை வழியாகவோ ஊர் வழியாகவோ வந்தவை என்றே கொள்வர். ஜி என்பது ஜார்ஜ் என்னும் அவருடைய சொந்தப் பெயர். யு என்பது யூக்ளோ. அதுவே அவரைப் பெற்ற தாயின் குடிப்பெயர். திருக்குறளையும் நாலடியாரையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த அப்பெருமகனாரை உலகம் போற்றும்போதெல்லாம், பிரித்தானியாவின் ஒரு மூலைக்கே உரிய அரிய குடிப்பெயர் ஒன்று அந்த ஓரெழுத்துக்குள் மறைந்து நிற்கிறது.

பெயர்கள் பிறந்த வழி

ஆங்கிலேயரிடையே குடிப்பெயர்கள் ஏறத்தாழப் பன்னிரண்டாம் நூற்றாண்டுக்கும் பதினான்காம் நூற்றாண்டுக்கும் இடையே நிலைபெற்றன. ஊர், தொழில், தந்தை பெயர், பட்டப்பெயர் என்ற நான்கும் அவற்றின் ஊற்றுக்கண்கள். சங்கப் புலவர் பெயர்களை அறிந்தோர்க்கு இப்பகுப்பு புதிதன்று. கோவூர் கிழார் ஊரால் பெயர் பெற்றார். கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தொழிலை முன்னிறுத்தி வழங்கப்பெற்றார். கணக்காயனார் மகனார் நக்கீரனார் தந்தையைச் சுட்டி அறியப்பட்டார். செம்புலப்பெயனீரார் தம் பாட்டிலமைந்த உவமையாலேயே பெயர் கொண்டார். நம்மிடையே புலவர் ஒருவரோடு நின்றுவிட்ட அடைமொழி, ஆங்கிலேயரிடத்து வழிவழியாகத் தொடரும் குடிப்பெயராயிற்று என்பதே வேறுபாடு.

போப் என்ற பெயர் பட்டப்பெயர் வகையைச் சார்ந்தது. உரோமாபுரித் திருத்தந்தையரின் வழித்தோன்றல்கள் என்று இப்பெயருடையோரைக் கருதுதல் பொருந்தாது. துறவு நெறிக்குரிய அவர்களின் வழியாகக் குடிப்பெயர் தொடர்தல் இயல்பன்று. மிடுக்கோடும் கண்டிப்போடும் நடந்துகொண்ட ஒருவனையோ, விழாக் கூத்துகளில் திருத்தந்தை வேடம் புனைந்த ஒருவனையோ ஊரார் விளையாட்டாக அழைத்த பெயர் அது என்பது பெயராய்வாளர் முடிபு. இங்கிலாந்தின் தென்மேற்கு மாவட்டங்களில் இப்பெயர் பரவலாக உண்டு. கவிஞர் அலெக்சாண்டர் போப்பும் (1688-1744) இப்பெயர் கொண்டவரே.

யூக்ளோ என்ற பெயரின் நிலை வேறு. இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் கார்ன்வால் மாவட்டத்தின் வடகிழக்கு மூலையே அதன் தாயகம். ஸ்ட்ராட்டன் என்னும் சிற்றூரையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் சார்ந்து, தேமர் ஆற்றுக்கு அப்பால் டெவன் மாவட்டத்து எல்லை வரையிலும் அக்குடியினர் வாழ்ந்தனர். இங்கிலாந்தின் ஆலயங்களில் திருமுழுக்கும் திருமணமும் அடக்கமும் 1538 முதல் ஏட்டில் பதியப்பெற்றன. அவ்வேடுகளே இத்தகைய அரிய பெயர்களின் பரப்பை இன்று அறிதற்குத் துணை செய்கின்றன.

கார்ன்வால் தனக்கென ஒரு மொழியை உடையதாயிருந்த நாடு. ட்ரே, பென், போல் என்று தொடங்கும் குடிப்பெயர்கள் அம்மொழியின் எச்சங்கள். ட்ரே என்பது குடியிருப்பு. பென் என்பது தலை அல்லது முனை. போல் என்பது குளம். ஊரும் முனையும் குளமும் பெயராகும் மரபு தமிழகத்துக்கும் பழக்கமானதே. அம்மொழி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மக்கள் வழக்கிலிருந்து மறைந்தது. அதனை மீட்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டில் எழுந்தது. ஸ்ட்ராட்டன் பகுதியிலோ ஆங்கிலம் அதற்குப் பன்னூறாண்டுகள் முன்னரே நிலைபெற்றுவிட்டது. தன் மொழியை இழந்த நிலத்துக் குடியின் பெயரைத் தாங்கிய ஒருவர், இரண்டாயிரம் ஆண்டுகளாக வழக்கொழியாத ஒரு மொழிக்கு வாழ்நாளை ஒப்படைத்தார் என்பது நினைந்து பார்க்கத்தக்கது.

கடல் கடந்த குடும்பம்

ஸ்ட்ராட்டனைச் சேர்ந்த கேத்தரின் யூக்ளோ (1797-1867), பிளிமத் துறைமுகத்தைச் சார்ந்த வணிகக் குடும்பத்தவரான ஜான் போப்பை (1791-1863) மணந்தார். அக்குடும்பம் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, இன்று கனடாவின் பகுதியாக விளங்கும் பிரின்ஸ் எட்வர்டு தீவில் குடியேறியது. அங்கே பெடெக் என்னுமிடத்தில் 1820 ஏப்ரல் 24 அன்று ஜார்ஜ் பிறந்தார். அவர் தம்பி வில்லியம் பர்ட் போப் 1822இல் நோவா ஸ்கோஷியாவில் பிறந்து, பின்னாளில் மெதடிச சபையின் பெருமைமிக்க இறையியலறிஞரானார். 1826இல் பெற்றோர் பிளிமத்துக்கே மீண்டனர். தந்தையின் உடன்பிறந்தாரான ஜோசப் போப் அத்தீவிலேயே நிலைத்தார். அவர் மைந்தருள் ஒருவரான ஜேம்ஸ் காலெட்ஜ் போப், அத்தீவு 1873இல் கனடாவோடு இணைந்தபோது அதன் முதலமைச்சராக விளங்கினார்.

மணமான பெண் கணவனின் குடிப்பெயரை ஏற்பது ஆங்கிலேயர் வழக்கம். அதனால் தாயின் குடிப்பெயர் ஒரு தலைமுறையிலேயே மறைந்துபோகும். அதனைக் காக்க அம்மக்கள் ஒரு வழி கண்டனர். பிள்ளையின் சொந்தப் பெயருக்கும் தந்தையின் குடிப்பெயருக்கும் நடுவே தாயின் குடிப்பெயரை வைத்தனர். ஜார்ஜுக்கு அவ்வாறே யூக்ளோ என்பது வாய்த்தது. அரிதான பெயர் என்பதனால் அந்த ஒரு சொல்லே அவர் தாய்வழியினரின் மண்ணைச் சுட்டிக்காட்டப் போதுமானதாகிறது. போப் என்ற சொல்லைக் கொண்டு எவரும் ஓர் ஊரைச் சென்றடைய இயலாது. யூக்ளோ என்ற சொல்லோ தேமர் ஆற்றங்கரைக்கே வழிகாட்டும்.

தமிழ் மண்ணில்

பரி, ஹாக்ஸ்டன் ஆகிய இடங்களில் கல்வி கற்ற போப், 1839இல் பத்தொன்பதாம் அகவையில் மெதடிச சபையின் தொண்டராகத் தமிழகம் வந்தார். இராமாநுசக் கவிராயரிடம் தமிழ் கற்றார். பின்னர் ஆங்கிலிக்கத் திருச்சபையைச் சார்ந்து, தூத்துக்குடிக்கு அருகிலுள்ள சாயர்புரத்தில் பணிபுரிந்து அங்குக் கல்விக்கூடம் வளர்த்தார். சாயர்புரம் என்னும் பெயரே ஓர் ஆங்கிலக் குடிப்பெயரைத் தாங்கியது. அவ்வூர் எழ நிலம் பெற்றுத் தந்த வணிகர் சாமுவேல் சாயரின் பெயர் அது. சாயர் என்றால் மரம் அறுப்பவர் என்பது பொருள். தொழிலால் வந்த ஆங்கிலப் பெயரொன்று, புரம் என்ற ஈற்றைச் சேர்த்துக்கொண்டு தென்பாண்டி நாட்டின் ஊர்ப்பெயராயிற்று.

சாயர்புர நாட்கள் துயரமும் கலந்தவை. 1841இல் அவர் மணந்த மேரி கார்வர் 1845இல் தூத்துக்குடியில் மறைந்தார். குருப்பட்டம் பெற்ற அதே ஆண்டில் இருபத்தைந்து வயதே நிரம்பிய போப் துணையை இழந்தார். 1849இல் ஹென்றியட்டா பேஜ் வான் சோமரன் என்பவரை மணந்தார். வான் சோமரன் என்பது ஒல்லாந்தர் குடிப்பெயர். சோமரன் ஊரிலிருந்து வந்தவர் என்பது அதன் பொருள்.

அவர் மைந்தர் பெயர்களை நோக்கின் குடும்பம் பேணிய மரபு தெற்றென விளங்கும். ஒருவர் ஜான் வான் சோமரன் போப். தம் தாயின் குடிப்பெயரைத் தாங்கிப் பர்மாவில் கல்விப் பணி ஆற்றினார். மற்றொருவர் ஆர்தர் வில்லியம் யூக்ளோ போப். பாட்டியாரின் குடிப்பெயரைத் தாங்கி இருப்புப்பாதைப் பொறியாளரானார். இன்னொருவரான தாமஸ் ஹென்றி போப் சென்னை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவப் பேராசிரியராக விளங்கினார். ஸ்ட்ராட்டனில் வேரூன்றிய பெயர் இவ்வாறு மூன்றாம் தலைமுறைக்கும் சென்றது.

1851 முதல் தஞ்சையிலும், அதன்பின் உதகமண்டலத்திலும், 1870களில் பெங்களூரிலும் போப் பணியாற்றினார். உதகையில் அவர் பள்ளி நிறுவித் தலைமையாசிரியராக இருந்தார். அவருடைய வாழ்வு முழுவதும் இனிமையே நிரம்பியது என்று கூறின் அது முகமனாகும். தஞ்சையில் லூத்தரன் சபையினரோடு அவர் கடுமையாகப் பிணங்கினார். பள்ளிகளில் கண்டிப்பு மிகுந்த ஆசிரியராகவே அறியப்பட்டார். போப் என்ற பட்டப்பெயரை முதன்முதல் இட்ட ஊரார் மனத்தில் கொண்ட மிடுக்கும் கண்டிப்பும் இவரிடத்தும் இருந்தன. அக்கண்டிப்பே நூற்பணியில் அயராத ஒழுங்காக மாறிப் பயன் தந்தது.

ஏலாக்குறிச்சியும் ஆக்ஸ்ஃபோர்டும்

குன்னத்துக்குத் தெற்கே, அரியலூர் மாவட்டத்தின் கொள்ளிடக் கரைப் பகுதியில் ஏலாக்குறிச்சி உள்ளது. போப்புக்கு ஒரு நூற்றாண்டு முன்னர் அங்கே தங்கித் தொண்டாற்றியவர் வீரமாமுனிவர் (1680-1747). இத்தாலி நாட்டுக் காஸ்திலியோனே என்னும் ஊரிற் பிறந்த கான்ஸ்டன்சோ ஜோசப் பெஸ்கி அவர். கான்ஸ்டன்சோ என்பதன் பொருளையொட்டித் தைரியநாதர் ஆனார். பின்னர் வீரமாமுனிவர் என்றே தமிழுலகில் நிலைத்தார். பெயரை மாற்றித் தமிழரானவர் அவர். போப் தம் பெயரை மாற்றாமலே தமிழரானவர்.

இருவரும் ஒரே நூலில் சந்திக்கின்றனர். போப்பின் திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886இல் வெளிவந்தது. வீரமாமுனிவரின் இலத்தீன் மொழிபெயர்ப்பையும் எல்லிசின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் அதன் குறிப்புகளில் அவர் மறுபதிப்புச் செய்தார். முன்னோர் உழைப்பை மறைக்காமல், தம் நூலுக்குள்ளேயே அவர்கட்கு இடமளித்த பண்பு போற்றத்தக்கது. குறள் வெண்பாவை எதுகை இயைபுடைய ஆங்கிலச் செய்யுளாக்கியதால், இயைபின் பொருட்டுச் சொற்கள் மிகுந்தன என்று குறை கூறுவாருமுண்டு. செய்யுளைச் செய்யுளாகவே தரவேண்டும் என்ற அவருடைய துணிவைக் கவிஞர் உணர்வர்.

1880களின் தொடக்கத்தில் இங்கிலாந்து மீண்ட போப், 1884இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் ஆசிரியரானார். 1888இல் பேலியல் கல்லூரியின் ஆலயக் குருவானார். நாலடியார் 1893இல் வெளிவந்தது. திருவாசகத்தை மொழிபெயர்க்க எண்ணியபோது முதுமை அவரைத் தயங்கச் செய்தது. கல்லூரித் தலைவர் ஜோவெட், பெரும்பணி ஒன்றைக் கையிற் கொண்டால் அது முடியுமளவும் வாழலாம் என்னும் கருத்தைக் கூறித் தேற்றினார். அவ்வாறு தேற்றிய ஜோவெட் 1893இல் மறைந்தார். போப் வாழ்ந்து, தம் எண்பதாம் பிறந்தநாளாகிய 1900 ஏப்ரல் 24 என நாளிட்டுத் திருவாசகப் பெயர்ப்பை உலகுக்களித்தார். 1906இல் அரச ஆசியக் கழகம் பொற்பதக்கம் வழங்கியது. 1908 பிப்ரவரி 11 அன்று அவர் காலமானார்.

கல்லில் நின்ற பெயர்

யூக்ளோ குடியினர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிழைப்பு நாடிக் கடல் கடந்த கார்ன்வால் மக்களோடு கனடா முதலிய நாடுகளுக்கும் சென்றனர். இருபதாம் நூற்றாண்டில் இலண்டனில் வாழ்ந்த ஓவியர் யூவன் யூக்ளோ (1932-2000) அப்பெயருக்குப் புகழ் சேர்த்தார். ஆயினும் அப்பெயரை மிகுதியான மக்கள், அறிந்தோ அறியாமலோ, நாள்தோறும் சொல்லுமிடம் தமிழகமே. பள்ளிப் பாடநூல்களும் மேடைகளும் 1968இல் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பெற்ற சிலையும் யு என்னும் அவ்வெழுத்தை ஓயாது வழங்கி வருகின்றன.

தமிழ் மாணவன் ஒருவன் இங்கே துயில்கிறான் என்று தம் கல்லறையில் பொறிக்குமாறு போப் வேண்டினார் என்றும், அவ்வாறே பொறிக்கப்பட்டுள்ளது என்றும் மேடைதோறும் கூறப்படுகிறது. ஆக்ஸ்ஃபோர்டின் புனித செபல்கர் கல்லறைத் தோட்டத்திலுள்ள கல்லில் அத்தொடர் இல்லை. கற்பனையைக் கைவிடுவதால் இழப்பொன்றும் நேராது. உண்மையாக அங்கே உள்ளது அதனினும் பெரிது. அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள அவருடைய தமிழ் நண்பர்களும் சேர்ந்து, அவருடைய வாழ்நாள் உழைப்பைப் போற்றி வைத்த கல் அது என்று அதிலேயே பொறித்திருக்கிறது. இரத்த உறவும் தமிழுறவும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

அக்கல்லில் யூக்ளோ என்ற தாய்க்குடிப் பெயர் முதலெழுத்தாகச் சுருங்காமல் முழுமையாக உள்ளது. அதனை அடுத்துத் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்னும் குறிப்பும் உள்ளது. பிறந்த தீவையோ, வளர்ந்த பிளிமத்தையோ, மறைந்த ஆக்ஸ்ஃபோர்டையோ அவருக்கு ஊராகக் கொள்ளவில்லை. தந்தை வழியில் ஒரு பட்டப்பெயரும் தாய் வழியில் ஓர் அரிய பெயரும் பெற்றுப் பிறந்த அவர், நாற்பதாண்டுத் தொண்டாலும் நூற்பணியாலும் மூன்றாவதாக ஓர் ஊர்ப்பெயரை ஈட்டிக்கொண்டார். கோவூர் கிழாருக்குக் கோவூர் போல, ஜார்ஜ் யூக்ளோ போப்புக்குத் தென்னகம் அமைந்தது.