பைக்கைப் பிரித்துப் பூட்டிய ஜி.டி.நாயுடு... அவரோட 2,000 ரூபாய் கார் என்ன ஆச்சு?

கொல்லிமலைக்கு வண்டியில போனவங்களுக்கு ஒரு வாசனை மறக்காது. காரவள்ளி அடிவாரத்துல இருந்து சோளக்காடு வரைக்கும் மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். நாப்பதைத் தாண்டும்போதே சில கார்கள்ல இருந்து ஏதோ கருகுற நெடி வரும். அது கிளட்ச் பிளேட்.

என்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைப்பதும் பிரிப்பதும்தான் கிளட்சின் வேலை. வளைவில் அதைப் பாதி அழுத்தியபடியே ஏறினால் பிளேட் உரசி, சூடாகி, தேயும். கியர் பாக்ஸ், என்ஜினின் வேகத்தைக் குறைத்து சக்கரத்துக்கு இழுவிசையைக் கூட்டித் தரும். ஃபர்ஸ்ட் கியரில் வண்டி மெதுவாகப் போனாலும் மலை ஏறுவது அதனால்தான்.

இதில் பழுது வந்தால் கியர் பாக்ஸை இறக்கி, பிளேட், பேரிங், ஆயில் சீல் எல்லாம் மாற்றணும். பழைய கார் என்றால் தேய்ந்த பல் சக்கரத்துக்கு மாற்றும் கிடைக்காது; கடைந்துதான் செய்யணும். பிரிப்பது சுலபம். ஒரு வாஷர் இடம் மாறாமல் திரும்பப் பூட்டுவதில்தான் மெக்கானிக்கின் திறமை தெரியும்.

அந்தத் திறமையிலேயே வாழ்க்கையைக் கட்டியவர் கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடு. யார் இவர்?

ஒரு ரட்ஜ் பைக்

கோபால்சாமி துரைசாமி நாயுடு, 1893 மார்ச் 23-ல் கோவை அருகே கலங்கல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். குழந்தையிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை, ஆரம்பப் படிப்போடு சரி.

ஒருநாள் ஊருக்குள் ஓர் ஆங்கிலேய அதிகாரி மோட்டார் பைக்கில் வந்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடிய அந்த வண்டி இளைஞர் நாயுடுவின் தூக்கத்தைக் கெடுத்தது. கோவைக்குப் போய் ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்தார். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் அதே பைக்கை வாங்கினார். அது 1912 மாடல் ரட்ஜ்.

வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. மொத்தமாகக் கழற்றிப் போட்டார், திரும்பப் பூட்டினார். சொல்லித்தர ஆளில்லை, புத்தகமில்லை. அந்த பைக்தான் அவருக்குப் பாலிடெக்னிக்.

பஸ் ஓட்டிய முதலாளி

பிறகு பருத்தி வியாபாரத்தில் இறங்கி நஷ்டப்பட்டார். மறுபடியும் வண்டிதான் கைகொடுத்தது. கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸின் உதவியோடு 1920-ல் ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவரே ஓட்டினார்.

அந்தக் காலத்தில் பஸ் ஓட்டுவது இப்போ மாதிரி இல்லை. கியர் விழும்போது பல் சக்கரங்களின் வேகத்தைத் தானே சமன்செய்யும் சிங்க்ரோமெஷ் 1928-ல்தான் அமெரிக்காவின் காடிலாக் காரில் வந்தது. அதற்கு முன் கியரைக் குறைக்க டபுள் கிளட்ச்தான் வழி. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து ஆக்சிலரேட்டரை அழுத்தி, மறுபடி மிதித்து கியரைப் போடணும். தப்பினால் கியர் பாக்ஸ் அலறும். டிரைவராகவும் மெக்கானிக்காகவும் இருந்த முதலாளிக்கு எந்தப் பழுது எதனால் வருதுன்னு காதாலேயே தெரியும்.

அந்த ஒரு பஸ் யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

மோட்டார் முதல் ரேசர் வரை

1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து பீளமேட்டில் இந்தியாவின் முதல் உள்நாட்டு மின் மோட்டாரை உருவாக்கினார். கிணற்றுப் பம்புக்கும் மில்லுக்கும் பேர்போன கோவையின் மோட்டார் தொழிலுக்கு இது முக்கியமான தொடக்கம். மின்சார ரேசர், ஜூஸ் பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், மலிவு விலை ரேடியோ எனப் பட்டியல் நீளும்.

1945-ல் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கக் காரணமானார். அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஜி.சி.டி. அதன் முதல்வராகவும் இருந்தார். நான்கு வருடப் படிப்பு தேவையில்லை, கையால் வேலை செய்து படித்தால் இரண்டு வருடமே போதும் என்பது அவர் கட்சி. அரசு ஏற்கவில்லை. அவர் விலகினார்.

அந்த கார் என்ன ஆச்சு?

1952-ல் இரண்டு பேர் போகும் பெட்ரோல் காரைத் தயாரித்தார். விலை 2,000 ரூபாய். கார் பணக்காரர்களின் பொருளாக இருந்த காலத்தில் இது பெரிய விஷயம்.

ஆனால், நேரமும் அப்படி அமைந்தது. எந்தத் தொழிற்சாலை எதைத் தயாரிக்கலாம் என்பதை மத்திய அரசின் லைசென்ஸ் தீர்மானிக்கும் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் 1951-ல் நிறைவேறி, 1952-ல் நடைமுறைக்கு வந்தது. நாயுடுவின் காருக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. உற்பத்தி நின்றது.

எந்த மெஷினையும் பிரித்து, எங்கே சிக்கல் என்று பார்த்துச் சரிசெய்தவரால் இந்த ஒன்றை மட்டும் கழற்றிப் பூட்ட முடியவில்லை. ஏன்னா, சிக்கல் காரில் இல்லை, ஃபைலில் இருந்தது.

1974 ஜனவரி 4-ல் நாயுடு காலமானார். நடுத்தரக் குடும்பங்களை காருக்குள் உட்காரவைத்த மாருதி 800 சாலைக்கு வந்தது 1983-ல். ஒரு லட்ச ரூபாய் கார் என்று டாடா நானோ அறிமுகமானது 2008-ல். நாயுடுவின் கணக்குக்கு நாடு வந்து சேர அரை நூற்றாண்டு ஆனது.

கோவை அவினாசி சாலையில் அவர் பெயர் சொல்லும் கார் அருங்காட்சியகம் இருக்கு. பல நாட்டுப் பழைய கார்கள் சீராக்கப்பட்டு அங்கே நிற்கின்றன. அடுத்த தடவை கொல்லிமலையில கிளட்ச் வாசனை வந்தா, வண்டியை ஓரங்கட்டிக் கொஞ்சம் ஆறவிடுங்க. அப்படியே, யூடியூப் இல்லாத காலத்துல ஒரு பைக்கை முழுசாக் கழற்றிப் பரப்பி வச்சு உட்கார்ந்திருந்த அந்த கலங்கல் இளைஞரையும் நினைச்சுக்கோங்க.