இராமாநுஜனும் பகா எண்களும்

தென்பெண்ணைக் கரையிலுள்ள மணலூர்பேட்டையினின்றும் ஆற்றோட்டத்தோடு கீழ்நோக்கிச் செல்வோர் திருக்கோவலூரை அடைவர். முதலாழ்வார் மூவரும் ஒருங்கு கூடிய தலமென அவ்வூரை நாம் அறிவோம். கணித உலகுக்கும் அஃது ஒரு தலமென்பதைப் பலர் அறியார். 1910-ஆம் ஆண்டில் ஸ்ரீநிவாஸ இராமாநுஜன் ஜீவனோபாயம் தேடி அங்கே சென்றார்.

அவர் 1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணிதமன்றிப் பிறிதொன்றில் மனஞ்செல்லாமையால் எப்.ஏ. பரீட்சையில் தேறாதவர். அப்போது திருக்கோவலூரில் டிப்டி கலெக்டராயிருந்த வி. இராமஸ்வாமி ஐயர், 1907-இல் இந்தியக் கணித சங்கத்தைத் தோற்றுவித்தவர். இளைஞர் வேண்டியது ஒரு குமாஸ்தா உத்தியோகமே. அவருடைய நோட்டுப் புஸ்தகத்தைக் கண்ட ஐயர், இத்தகைய மதியைக் கீழ்ப்படி உத்தியோகத்தில் அடக்குதல் தகாதெனக் கருதி, சென்னை நண்பர்களுக்குக் கடிதங் கொடுத்தனுப்பினார்.

1912-இல் சென்னைத் துறைமுக ஆபீஸில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்த இராமாநுஜன், 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு ஒரு கடிதம் விடுத்தார். அதிற் கண்ட விஷயங்களுள் ஒன்று பகா எண்களைப் பற்றியது. ஒன்றானும் தன்னானுமன்றிப் பிறிதொன்றால் வகுபடாத 2, 3, 5, 7, 11 முதலியவை பகா எண்களாம். ஆயிரத்துக்குள் இவை 168; பத்து லட்சத்துக்குள் 78,498. மேலே செல்லச் செல்ல இவை அருகுகின்றன. வரும் முறையோ எளிதிற் புலப்படுவதில்லை. எவ்வளவு பெரிய எண்ணுக்கும் அதற்குட்பட்ட பகா எண்களின் தொகையை ஏறக்குறையப் பிழையின்றித் தரும் சூத்திரம் தம்மிடம் உண்டென அவர் நம்பினார்.

ஹார்டி நிரூபணம் வேண்டினார். எண்ணிப் பார்க்கக்கூடிய அளவில் அச்சூத்திரம் வியக்கத்தக்கவாறு பொருந்தியதுண்டு. ஆயினும் லிட்டில்வுட் 1914-இல் நிறுவிய தேற்றத்தின்படி, சூத்திரத்துக்கும் உண்மைத் தொகைக்குமுள்ள வேற்றுமை எல்லையின்றிப் பெருகவல்லது. எத்தனை உதாரணங்கள் ஒத்து வரினும், அவை நிரூபணமாகா.

1914 மார்ச்சில் கப்பலேறிய இராமாநுஜன், கேம்பிரிட்ஜில் ஐந்தாண்டு உழைத்து, 1918-இல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். 1919-இல் பகா எண்களைக் குறித்து இரண்டே பக்கத்தில் ஒரு நிரூபணம் வெளியிட்டார். ஒன்றுக்கு மேற்பட்ட எவ்வெண்ணுக்கும் அதன் இரட்டிப்புக்கும் இடையே ஒரு பகா எண்ணேனும் உண்டென்பது பெர்த்ராந்து 1845-இல் ஊகித்தது. செபிஷேவ் 1852-இல் நிறுவியது. இராமாநுஜன் அதனைச் சுருங்கிய வழியில் நிறுவியதோடு மேலும் சென்றார். 10-க்கும் அதன் பாதிக்கும் இடையே 7 ஒன்றே பகா எண். ஆனால் 11 முதல் எவ்வெண்ணை எடுத்துக்கொள்ளினும், அவ்வெண்ணையுஞ் சேர்த்து அதன் பாதிக்கு மேல் இரண்டேனும் உண்டு. 17 முதல் மூன்று, 29 முதல் நான்கு, 41 முதல் ஐந்து. இவ்வெல்லைகளாகிய 2, 11, 17, 29, 41 முதலியவை இன்று இராமாநுஜன் பகா எண்களென வழங்குகின்றன. நூறு இலக்கமுள்ள எண்ணாயினும் அதன் இரட்டிப்பை எட்டுமுன் பகா எண் உண்டென்பது திண்ணம்; ஒருவரும் எண்ணிப் பார்க்க வேண்டுவதில்லை.

அந்நிரூபணத்தைத் தாங்கி வந்தது, திருக்கோவலூரில் அவருக்குக் கைகொடுத்த ஐயர் தோற்றுவித்த சங்கத்தின் பத்திரிகையே. மறு ஆண்டு ஏப்ரல் 26-இல், முப்பத்திரண்டாம் வயதில், அவர் சென்னையில் காலமானார். 1913-இல் உதாரணங்களின் பொருத்தத்தை நம்பியவர், 1919-இல் உதாரணங்களோடு நில்லாது நிரூபணத்தையே அளித்தார். அவருடைய ஞானதிருஷ்டியைப் புகழ்வோர் பலர். இவ்வாறாண்டுகளின் உழைப்பையும் உடன்வைத்து எண்ணுதலே அம்மேதைக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.