பழுப்பு நிறத்தின் மர்மம் கண்ட மயார்

இரசாயனம் பயிலும் மாணவருள் மயார் வினையைக் கேள்விப்படாதார் இலர். ஆங்கில வழியில் படித்த நாம் அதை மெய்லார்டு வினை என்கிறோம். தோசை முறுகிச் சிவப்பதும், காப்பிக்கொட்டை வறுபட்டுக் கறுப்பதும், ராகி மால்ட்டுக்காக முளைகட்டிய கேழ்வரகை வறுக்கையில் நம் ஏர்பேட்டு வீதிவரை மணம் எழுவதும் அவ்வினையாலேயே. வினையின் பெயர் உலகறிந்தது. பெயருக்குரியவரின் வாழ்க்கையோ அறிந்தோர் சிலரே.

லூயி காமீ மயார் 1878 பிப்ரவரி 4ஆம் நாள் பிரான்சு நாட்டில் பிறந்தார். பதினாறு வயதிலேயே நான்சி பல்கலைக்கழகம் புகுந்தார். 1897இல் அறிவியலிலும் 1903இல் மருத்துவத்திலும் பட்டம் பெற்றார்.

உயிருள்ள உடலில் அமினோ அமிலங்கள் இணைந்து புரதம் ஆவது எங்ஙனம் என்பதே அவர் உள்ளத்தை ஆட்கொண்ட கேள்வி. அதற்கு விடை தேடி அமினோ அமிலத்தையும் சர்க்கரையையும் நீரில் கரைத்துச் சூடாக்கினார். புரதம் தோன்றவில்லை. நீர் மஞ்சளாகி, பின் பழுப்பாகியது. கரியமில வாயு குமிழியிட்டது. சோதனை தோற்றதென்று அவர் குடுவையைக் கழுவிவிடவில்லை. பழுப்பின் காரணத்தை ஆராய்ந்து 1912இல் வெளியிட்டார். அப்பழுப்புப் பொருள்களே மெலனாய்டின்கள்.

பீர் காய்ச்சுவோருக்கு இந்தப் பழுப்பு நெடுநாள் பழக்கம். இங்கிலாந்தில் 1817இலேயே டேனியல் வீலர் என்பவர் மால்ட்டைக் கரிய நிறம் வரும்வரை வறுக்கும் உருளைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். மால்ட் வறுபடுகையில் சர்க்கரையும் அமினோ பொருள்களும் சேர்ந்தே நிறம் தருகின்றன என்பதை 1908இல் லிங் என்னும் ஆங்கிலேயர் குறித்திருந்தார். வாற்கோதுமை முளைக்கையில் அதன் மாச்சத்து சர்க்கரையாகவும், புரதம் அமினோ அமிலமாகவும் உடையத் தொடங்குகின்றன. ஆகவேதான் முளைத்த மணி முளையாத மணியைவிட எளிதில் நிறம் கொள்கிறது. 200 டிகிரி செல்சியசுக்கு மேல் வறுத்தால் சர்க்கரை தானே கருகுவதும் உடன் சேர, காப்பியும் கோக்கோவும் நினைவூட்டும் கசப்பு பிறக்கிறது. அவ்வெப்பத்தில் மாச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் மடிந்துவிடுவதால், வீட்டில் பீர் காய்ச்சுவோரும் வெளிறிய மால்ட்டையே பெரும்பங்காகக் கொள்வர்; கரிய மால்ட் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கே போதும். மிகுந்தால் கரிச்சுவை நாவில் உறுத்தும். நிறம் கறுத்ததால் போதை கூடிவிடாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

மயாரின் பார்வை மால்ட்டோடு நிற்கவில்லை. மண்ணின் கருமைக்கும், நீரிழிவு நோய்க்கும் இவ்வினையோடு தொடர்பிருக்கக்கூடும் என அவர் அன்றே எண்ணினார். ஆனால் காலம் இடங்கொடுக்கவில்லை. முதல் உலகப்போரில் பணியாற்றி உடல் நலிந்தார். 1919இல் பாரிசை விட்டு அல்ஜியர்ஸ் நகருக்குப் பேராசிரியராகச் சென்றார். ஆராய்ச்சியையும் ஏறக்குறைய துறந்தார். 1936 மே 12ஆம் நாள், பாரிசுக்கு வந்திருந்தபோது திடீரென உயிர் நீத்தார்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், சேமித்த உணவு பழுப்பேறிக் கெட்டபோதுதான் உலகம் அவரைத் தேடியது. 1953இல் அமெரிக்கர் ஜான் ஹாட்ஜ் அவ்வினையின் படிகளை ஒழுங்குபடுத்தினார். 1968இல் சாமுவேல் ரஹ்பர், நீரிழிவாளர் இரத்தத்தில் மாறுபட்ட ஹீமோகுளோபினைக் கண்டார். அது சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபின் எனப் பின்னர் தெளிவாயிற்று. ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரை அளவைச் சொல்லும் இன்றைய சோதனை அதன் வழி வந்ததே.

தேடியது கிட்டாதபோது கிட்டியதை மதித்தவர் மயார். ஆய்வுக்கூடத்தில் எதிர்பாராத நிறம் தோன்றும் நாளில், குடுவையைக் கவிழ்க்குமுன் அவரை ஒருகணம் எண்ணுவோமாக!