மார்ட்டினின் கதையை எழுதிய டால்ஸ்டாய்

பிள்ளைகளே, செருப்புத் தைக்கும் மார்ட்டினின் கதையை ஞாயிறு பாடசாலையில் கேட்டிருப்பீர்கள். நிலத்துக்குக் கீழே ஓர் அறை. தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும் சிறு யன்னல். இயேசு வருவார் என்று காத்திருந்த மார்ட்டின், குளிரில் வெளியே நின்றவர்களை உள்ளே கூப்பிட்டுத் தேநீரும் சாப்பாடும் கொடுக்கிறார். 1885 இல் அதை எழுதியவர் ரஷ்யாவின் லியோ டால்ஸ்டாய். அவர் எழுதியவை மொத்தம் 90 தொகுதிகள். அச்சிட்டு முடிக்க 1928 முதல் 1958 வரை 30 வருடங்கள் சென்றன.

1828 இல் யாஸ்னயா பொல்யானா என்ற பண்ணையில் பிரபு குடும்பத்தில் பிறந்த அவர், ஒன்பது வயது ஆகுமுன் தாயையும் தகப்பனையும் இழந்தார். இளமையில் சூதாடினார், கடன்பட்டார், படையில் சேர்ந்தார். 1862 இல் 18 வயதுச் சோபியாவை மணந்தார். 'போரும் அமைதியும்' நாவலை, வாசிக்கவே கடினமான அவருடைய கையெழுத்திலிருந்து இரவிரவாகத் திரும்பத் திரும்பப் படியெடுத்தவர் இந்தச் சோபியாதான். 13 பிள்ளைகளைப் பெற்று, ஐவரைச் சிறுவயதிலேயே அடக்கம் செய்த தாயும் அவரே.

ஐம்பது வயதளவில், மலைப்பிரசங்கத்தின்படி அப்படியே வாழவேண்டும் என்ற எண்ணம் டால்ஸ்டாயைப் பிடித்துக்கொண்டது. இயேசுவின் தெய்வீகத்தை அவர் ஏற்கவில்லை. அதில் நாம் அவருடன் ஒத்துப்போக முடியாது. ரஷ்யத் திருச்சபையும் 1901 இல் அவரைத் தன் அங்கத்தவர் அல்ல என்று அறிவித்தது. ஆனால் அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன் அவர் செய்ததைக் கனடாவில் வாழும் நாம் அறிந்திருக்க வேண்டும். ஆயுதம் தூக்க மறுத்ததற்காகத் துன்புறுத்தப்பட்ட டுகபோர் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 7,500 பேர், 1899 இல் கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்தார்கள். அவர்களின் பயணத்துக்கு உதவவே 'புத்துயிர்ப்பு' நாவலை எழுதி முடித்து விற்றார். இரண்டாவது கப்பலில் அவருடைய மகன் செர்கேயும் கூட வந்தார்.

1881 க்குப் பின் எழுதியவற்றை யாரும் இலவசமாக அச்சிடலாம் என்று அவர் 1891 இல் அறிவித்திருந்தார். வீட்டுச் செலவைப் பார்த்தவரோ சோபியா. கணவரின் நூல்தொகுப்புகளை அவரே அச்சிட்டு விற்றார். தடைசெய்யப்பட்ட ஒரு தொகுதிக்காகச் சக்கரவர்த்தியையே நேரில் சந்தித்துக் கேட்டார். டால்ஸ்டாயோ 1910 இல் காட்டுக்குள் ஒரு மரக்குற்றியில் இருந்து, மனைவிக்குத் தெரியாமல் உயில் எழுதினார். எல்லாருக்கும் கொடுக்க நினைத்தது நல்ல மனம்தான். ஒளித்துச் செய்ததை என்னால் நல்லது என்று சொல்ல முடியவில்லை.

சண்டை முற்றியது. அவ்வருடம் நவம்பர் 10, விடியுமுன், 82 வயதில் வைத்தியர் ஒருவருடன் வீட்டை விட்டுப் போனார். வழியில் நியூமோனியாக் காய்ச்சல். அஸ்தாபவோ என்ற சிறு புகையிரத நிலையத்தில் நிலைய அதிபரின் வீட்டில் படுக்க வைத்தார்கள். சோபியா தனிப் புகையிரதம் பிடித்து வந்து சேர்ந்தார். நோயாளி கலங்கிவிடுவார் என்று பிள்ளைகளும் வைத்தியர்களும் அவரை உள்ளே விடவில்லை. நான் வேலை செய்யும் வாட்டிலும் உறவினரை வெளியே நிறுத்த வேண்டிய நாட்கள் உண்டு. எந்தத் தாதிக்கும் அது இலேசான காரியம் அல்ல.

48 வருடங்கள் கூட வாழ்ந்தவர், யன்னலுக்கு வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். கடைசியில் கதவு திறந்தபோது டால்ஸ்டாய்க்கு நினைவு தப்பியிருந்தது. சோபியா கட்டிலருகே முழந்தாளிட்டு மெல்லப் பேசினார். நவம்பர் 20, காலை ஆறு மணி தாண்டியதும் மூச்சு நின்றது.