மாஸ்கோவில் ஒரு திருத்தணிக்காரர்

செப்டம்பர் 5 வந்தால் பள்ளிதோறும் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் படத்துக்கு மாலை சூட்டுகிறோம். கொரியப் போரில் அவர் ஆற்றிய பணியை, அவர் பிறந்த எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்கூட யாரும் பேசிக் கேட்டதில்லை. பக்கத்து ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் கொரிய மொழிப் பெயர்ப்பலகைகளைக் கடக்கும்போது எனக்கு அவர் நினைவுதான் வரும்.

1888இல் திருத்தணியில் பிறந்து, சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்று, ஆக்ஸ்போர்டு பேராசிரியராக உயர்ந்த அவரை நேரு 1949இல் மாஸ்கோவுக்குத் தூதராக அனுப்பினார். ஆக்ஸ்போர்டு பதவியையும் அவர் விடவில்லை. தொழில்முறைத் தூதர்கள் முகம் சுளித்திருக்கலாம். ஆயினும், அவருக்கு முன்பு தூதராக இருந்த விஜயலட்சுமி பண்டிட்டுக்குக் கிட்டாத ஸ்டாலின் சந்திப்பு, 1950 ஜனவரியில் அவருக்குக் கிட்டியது.

அவ்வாண்டு ஜூன் 25 அன்று போர் மூண்டது. வட கொரியாவே ஆக்கிரமித்தது என்ற ஐ.நா. தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது; இதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். ஆனால் போர்ப்படை அனுப்பவில்லை, மருத்துவப் பிரிவையே அனுப்பியது. செஞ்சீனத்துக்குப் பாதுகாப்பு அவையில் இடம் தந்து, அவையைப் புறக்கணித்திருந்த சோவியத் ஒன்றியத்தையும் திரும்ப அழைத்து, பேசித் தீர்ப்போம் என்பது இந்திய யோசனை. மாஸ்கோவில் அதற்குத் தளம் அமைத்தவர் இராதாகிருஷ்ணன். ஜூலையில் நேரு எழுதிய கடிதத்தை ஸ்டாலின் வரவேற்றார். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அச்சிசன் மறுத்துவிட்டார்.

பொருளியல் படித்தவன் என்பதால், இதன் விலையை என்னால் கணக்கிடாமல் இருக்க முடியவில்லை. அப்போது இந்தியா கடும் உணவுப் பஞ்சத்தின் விளிம்பில் நின்று அமெரிக்காவிடம் கோதுமை கேட்டுக்கொண்டிருந்தது. கொரியா குறித்த நம் நிலைப்பாட்டால் எரிச்சலுற்ற அமெரிக்க நாடாளுமன்றம் மாதக்கணக்கில் இழுத்தடித்தது. 1951 ஜூனில்தான் 19 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் கிடைத்தது. பசித்திருந்த நாடு தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அதை நான் பிடிவாதமாகப் பார்க்கவில்லை. எளிய நாடுகளின் சொல்லுக்கு மதிப்பு வேறெப்படி வரும்?

1952இல் குடியரசுத் துணைத் தலைவராகி அவர் தில்லி திரும்பினார். கைதிகள் சிக்கலுக்குக் கிருஷ்ண மேனன் முன்வைத்த தீர்வை முதலில் ஏசியதும் மாஸ்கோதான். ஸ்டாலின் மறைவுக்குப் பின் நிலைமை இளகியது. 1953 ஜூலை 27இல் போர்நிறுத்தம் ஏற்பட்டது. நாடு திரும்ப மறுத்த கைதிகளைக் கவனிக்கும் நடுநிலை ஆணையத்துக்கு ஜெனரல் திம்மய்யா தலைமையேற்றார். எந்தப் பக்கமும் போக விரும்பாத 88 பேர், நம் படையினருடன் இந்தியாவுக்கே கப்பலேறினர்.