ஒரு காய்க்காக இரண்டு முறை கடல் கடந்தவர்: யார் இந்த கேப்டன் பிளை?

சீமைப்பலா தெரியும்தானே? இலங்கையில் ஈரப்பலா என்பார்கள். பசிபிக் தீவுகளின் இந்த மரத்தைக் கரீபியனுக்குக் கொண்டுபோகப் புறப்பட்டவர்தான் கலகத்தில் கப்பலையே பறிகொடுத்தார்.

1754-ல் பிறந்த வில்லியம் பிளை, கேப்டன் குக்கின் கடைசிப் பயணத்தில் உடன் போனவர். 1787-ல் 'பவுன்டி' கப்பலை பிரிட்டன் அவரிடம் ஒப்படைத்தது. தாஹிட்டியில் சீமைப்பலாக் கன்றுகளை ஏற்றி, கரீபியனில் இறக்க வேண்டும். எதற்கு? கரும்புத் தோட்ட அடிமைகளுக்கு மலிவுச் சாப்பாடு. அமெரிக்க சுதந்திரப் போரால் அங்கிருந்து உணவு வருவது தடைபட, புயல்களும் சேர்ந்துகொள்ள, ஜமைக்காவில் ஆயிரக்கணக்கான அடிமைகள் பட்டினியில் செத்திருந்தார்கள். முதலாளிகளுக்கு அது நஷ்டக் கணக்கு.

சிக்கல் என்னன்னா, தாஹிட்டி சீமைப்பலாவில் விதை கிடையாது. வேர்க்கன்றுகளைத் தொட்டியில் வைத்து உயிரோடுதான் கொண்டுபோக முடியும். அதனால் கேப்டனுக்கான பெரிய அறை செடிகளுக்குப் போனது. பிளைக்குக் கிடைத்தது ஒரு சின்ன அறை!

கன்றுகளைச் சேகரித்து, தேற்றி, சாதகமான காற்றுக்கும் காத்திருந்ததில் தாஹிட்டியிலேயே 5 மாதம் ஓடிவிட்டது. தீவு வாழ்க்கை பழகிய மாலுமிகளுக்கு, பிளையின் வசவும் கெடுபிடியும் அதன்பின் சகிக்கவில்லை. 1789 ஏப்ரல் 28-ல் கலகம். பிளையையும் 18 பேரையும் 7 மீட்டர் படகில் இறக்கிவிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கன்றுகளைக் கடலில் வீசினார்கள். வழியில் டோஃபுவா தீவில் ஒருவர் கொல்லப்பட்டார். சுமார் 6,700 கி.மீ. கடந்து, 47 நாட்களில் மற்றவர்களை டிமோர் சேர்த்தார் பிளை. மனுஷன் வாய் மோசம்தான், ஆனால் கடலோடியாக அசாத்தியமானவர்.

1791-ல் 'பிராவிடன்ஸ்' கப்பலில் மறுபடியும் கிளம்பினார். இந்தமுறை 2,000-க்கும் மேற்பட்ட கன்றுகள். பிழைத்தவை 1793-ல் செயின்ட் வின்சென்ட், ஜமைக்காவில் இறங்கின. ஆனால் அடிமைகளுக்கு அந்தக் காய் பிடிக்கவில்லை. அவர்களுக்குப் பழகியது வாழைக்காயும் கிழங்கும்தான். யார் அவர்களைக் கேட்டார்கள்? ருசி பிடிபட வெகுகாலம் ஆனது. இன்று செயின்ட் வின்சென்ட்டின் தேசிய உணவே சுட்ட சீமைப்பலாவும் பொரித்த மீனும்தான்.

திரும்பும்போது ஜமைக்காவிலிருந்து 'அக்கீ' என்ற பழமரத்தை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அதுவும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஜமைக்காவுக்குப் போன மரம். தாவரவியலில் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது சீமைப்பலாவில் அல்ல, இந்த அக்கீயில்.

பிறகு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ஆளுநர் பதவி. 1808-ல் அங்கேயும் ராணுவம் அவரைக் கைது செய்து இறக்கியது. மறுபடியும் கலகம்!

1817-ல் லண்டனில் இறந்தார். அவர் கன்று கொண்டுபோய்ச் சேர்த்த தோட்டங்களில் அடிமைகள் அப்போதும் அடிமைகளாகத்தான் இருந்தார்கள்.